சிங்க்ரோ சுவாமியும் இடப்பக்கம் பார்த்த ஆடும்

கொச்சி மட்டாஞ்சேரியில் முன்பு சுக்கு மூட்டைகளை அடுக்கிய கிடங்கில் இப்போது மனிதர்களை அடுக்கியிருந்தார்கள். வாசலில் காக்கநாட்டு ஐ.டி. பார்க் கார்கள். மேடையில் சிங்க்ரோ சுவாமி. பெற்றவர்கள் வைத்த பெயர் பாண்டித்துரை. பிரபஞ்சத்தின் வாயில் அது நுழையவில்லை போலும்.

சிங்க்ரோனிசிட்டி ஒன்றும் கெட்ட சொல் அல்ல. ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் ஒருவர் உண்டாக்கியது. ஒன்றுக்கொன்று காரணமில்லாத இரண்டு சம்பவங்கள் சேர்ந்தாற்போல் நடக்கும்; நமக்கு அதில் ஏதோ அர்த்தம் இருப்பதாகத் தோன்றும். ஒருவரை நினைக்கிறோம், அவரே போன் செய்கிறார். ஆகா! நினைத்தும் போன் செய்யாதவர்களை யாரும் கணக்கில் வைப்பதில்லை. சுவாமி இந்த விளக்கத்தில் 'தோன்றும்' என்ற ஒரு சொல்லை மட்டும் வெட்டினார். மீதியை டிக்கெட் போட்டு விற்றார்.

முறை எளிது. மனதிலுள்ள கேள்வியைச் சுவாமியிடம் சொல்ல வேண்டும். அவர் காதில் ஓர் அடையாளத்தை ஓதுவார். அதை வெளியே சொன்னால் அலைவரிசை அறுந்துவிடும். பிறகு பஜார் ரோட்டில் மௌன நடை. எதிர்ப்படும் அடையாளம் வலப்பக்கம் பார்த்து நின்றால், காரியம் நடக்கட்டும். இடப்பக்கம் பார்த்தால் நிறுத்திவிட்டு, சுவாமியின் பரிகார வகுப்பில் சேர வேண்டும்.

அப்படி நடந்துபோன சங்கர்ராமுக்கு அடையாளம் இடப்பக்கம் பார்த்துவிட்டது. அவன் கேட்டது, தேவராவில் இருக்கும் ஸாதனாவோடு அடுத்த மாதம் நடக்கவிருந்த கல்யாணத்தைப் பற்றி.

"கல்யாணம் வேண்டாம், ஸாதனா. பிரபஞ்சம் பறஞ்சாச்சு."

"பிரபஞ்சத்துக்கு உன் நம்பரை யார் கொடுத்தா?"

"விளையாடாதே. அடையாளம் தானா எதிர வந்து நின்னுது. இடது பக்கம் பாத்துண்டு."

"எந்த அடையாளம்?"

"சொல்லப்படாது."

"ஏடிஎம் நம்பர் சொல்லுவே, இது சொல்லமாட்டியாக்கும்! சரி, ஞாயித்துக்கிழமை நானும் வரேன்."

வந்தாள். சங்கர்ராம் பரிகார வகுப்புக்காரர்களோடு முன்வரிசையில் இருந்தான். சுவாமி கண்ணை மூடி, விண்ணோடு பேசி முடித்து, அவள் காதருகே குனிந்தார்.

"ஆடு."

மட்டாஞ்சேரியில் ஆடு! ஆட்டோவில் ஏறப்போனால் சீட்டில் ஆடு உட்கார்ந்திருக்கும் ஊர் இது. இங்கே ஆட்டைப் பார்க்காமல் தெருவைக் கடப்பதற்குத்தான் தவம் வேண்டும்.

ஸாதனா மைக்கைக் கேட்டு வாங்கினாள். "சுவாமி, ஒருத்தர் தனியாச் சொன்னாத்தானே அலைவரிசை அறும்? எல்லாரும் ஒரே நேரத்தில சொன்னா அது சிங்க்ரோனிசிட்டிதானே?"

கூட்டம் கைதட்டியது. சுவாமி வாயைத் திறப்பதற்குள் அவள் எண்ணத் தொடங்கிவிட்டாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு!"

"ஆடு!"

கிடங்கே அதிர்ந்தது. வெளியிலிருந்து ஒன்று "ம்மே" என்று ஆமோதித்தது.

கூட்டத்தினர் ஒருவரையொருவர் திருதிருவென்று பார்த்தார்கள். சுவாமி சட்டென்று சமாளித்துக்கொண்டார். "எல்லாருக்கும் ஒரே அடையாளம்! இதைவிட அற்புதம் உண்டா மக்களே?"

பாதிப் பேர் மறுபடியும் கும்பிட்டார்கள்.

"அப்போ முன்வரிசைல இருக்கற எல்லாருக்கும் ஆடு ஏன் இடது பக்கமே பாத்துது?" என்று கேட்டபடி ஸாதனா வெளியே நடந்தாள். கூட்டமும் பின்னால் போயிற்று.

பஜார் ரோட்டுத் திருப்பத்தில், இடப்பக்கச் சுவரின் ஆணியில், ஆட்டுக்கு எட்டாத உயரத்தில் பலா இலைக் கட்டு ஒன்று தொங்கியது. ஆடுகள் பயபக்தியோடு அதைப் பார்த்து நின்றன.

சாயாக்கடை மாடத்தி எட்டிப் பார்த்தாள். "அதைத் தொடாதீங்கம்மா, சாமியோட ஆளு கட்டுனது. ஞாயித்துக்கிழமை தவறாம வந்து கட்டிட்டுப் போவாரு."

ஸாதனா கட்டை அவிழ்த்து எதிர்ச் சுவரில் எட்டும் உயரத்தில் மாட்டினாள். ஆடுகள் அத்தனையும் வலப்பக்கம் திரும்பின.

"பாரு சங்கர்ராம், பிரபஞ்சம் மனசை மாத்திண்டாச்சு."

சங்கர்ராமின் முகம் சுருங்கிப்போயிற்று. "ஸாதனா... அப்போ கல்யாணம் உண்டில்லியா?"

"அதை இனி ஆடு சொல்லாது, நான் சொல்லுவேன். யோசிக்கணும். மொதல்ல ஒரு சாயா வாங்கிக் கொடு."

இதற்குள் சுவாமி பின்வாசல் வழியாகக் கிளம்பிவிட்டார். எந்தப் பக்கம் பார்த்து ஓடினார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இலை தீர்ந்ததும் ஆடுகள் சுவரிலிருந்த சுவாமியின் போஸ்டரைத் தின்ன ஆரம்பித்தன. பரிகார வகுப்புக்காரர் ஒருவர் பரவசத்தோடு அதைப் படம் எடுத்தார். "இதுக்கு என்ன அர்த்தமா இருக்கும்?"

அர்த்தமா? ஆட்டுக்குப் பசி. இலை தொங்கும் பக்கம் திரும்புவது ஆட்டுக்கு அழகு. மனிதர்கள் திரும்புமுன், கட்டிவிட்டது யார் என்று ஒரு தடவையாவது கேட்கலாம்.