மங்கி குல்லாவைக் காப்பாற்றியவன்

தீ விபத்துக்கு இழப்பீடு கேட்டு வரும் மனுக்களைப் பார்ப்பதுதான் எனக்கு உத்தியோகம். ஆனாலும் நெருப்பைக் கண்டு நான் பயந்ததே இல்லை. என் பயமெல்லாம் பனியிடம்தான். நெருப்பு எப்போதாவது, யார் வீட்டிலாவது பிடிக்கும். சளி அப்படியில்லை. மார்கழி பிறந்ததும் விலாசம் விசாரித்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வரும்.

(செங்கல்பட்டில் என்னய்யா குளிர் என்று ஊட்டிக்காரர்கள் சிரிக்கலாம். கொளவாய் ஏரியிலிருந்து காலையில் கிளம்பும் பனியை அவர்கள் ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பார்கள். உச்சந்தலையில் வாங்கியிருக்க மாட்டார்கள்.)

இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு வருடத்தில் என் மகள் நிவேதா நாலாம் வகுப்பு படித்தாள். அதற்குள் நான் அவளைப் பல ஆபத்துகளிலிருந்து காப்பாற்றியிருந்தேன். வேடந்தாங்கலுக்குப் பள்ளிச் சுற்றுலா போனபோது ஏரிக்காற்று ஆகாது என்று அனுப்பவில்லை. மாமல்லபுரம் போனபோது கடற்காற்று. விளையாட்டு விழாவில் புழுதி. ஆண்டு விழா நடனத்தில் முகத்துக்குப் பூசும் பவுடர். கடைசியில் ஆசிரியைகளே அவளுக்கு எதுவும் கொடுப்பதை விட்டுவிட்டார்கள். "அவளுக்கு வேணாம், அவங்கப்பா வந்துடுவாரு" என்பது ஆசிரியர் அறையில் ஒரு சட்டமாகவே இருந்ததாகப் பிற்பாடு தெரிந்தது.

அந்த டிசம்பரில் பள்ளியில் தீயணைப்புப் பயிற்சி நடத்தினார்கள். மணி அடித்ததும் எல்லா வகுப்புகளும் வரிசையாக மைதானத்துக்கு வர வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு தலைவர் கொடி பிடித்து வந்து, தீயணைப்பு அதிகாரியிடம் தலைக்கணக்கு சொல்ல வேண்டும். நாலாம் வகுப்பு பி பிரிவின் கொடி, எப்படியோ சட்டத்தை மீறி, என் மகளுக்குக் கிடைத்துவிட்டது.

"நாலாம் வகுப்பு பி பிரிவு. முப்பத்தெட்டு பேரும் பத்திரம், சார்!"

இதைக் கண்ணாடியிடம் சொன்னாள். குக்கரிடம் சொன்னாள். கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரை நிறுத்திவைத்துச் சொன்னாள். அவர் பயந்துபோய் சிலிண்டரை இரண்டு தடவை சோதித்துவிட்டுப் போனார்.

பயிற்சிக்கு முதல் நாள் சாயங்காலம் என் எதிரில் வந்து நின்றாள். "அப்பா, நாளைக்கு நீ ஸ்கூலுக்கு வரக்கூடாது."

"நான் ஏம்மா வரப்போறேன்?"

"நீ வருவ."

"வருவாரு" என்றாள் என் மனைவி கலா, கீரை ஆய்ந்துகொண்டே.

சாமி படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன். ஆனால் மறுநாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு தெரியவில்லை. அவ்வளவு பனி. இரண்டு ஜோடி சாக்ஸ், ஸ்வெட்டர், மஃப்ளர், எல்லாவற்றுக்கும் மேலே உச்சியில் பஞ்சுருண்டை வைத்த ரோஸ் நிற மங்கி குல்லா என்று மகளைத் தயார் செய்தேன்.

"புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புறீங்களா, பார்சல்ல போடுறீங்களா?" என்றாள் கலா.

பள்ளி வாசலில் அவளை இறக்கிவிட்டேன். அப்படியே அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் ஸ்கூட்டர் தானாகப் பள்ளியின் பின்பக்கச் சந்துக்குள் திரும்பியது. (அந்தக் காலத்து ஸ்கூட்டர்கள் அப்படித்தான்.) சீட்டின் மேல் ஏறி நின்று மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். சத்தியம் மீறப்படவில்லை. நான் பள்ளிக்குள் இல்லை.

கட்டடத்தின் பின்னால் ஒரு தார் டிரம்மில் ஈர வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். புகையும் பனியும் கலந்து எது எதுவென்று தெரியவில்லை. மணி அடித்தது. முதலில் வெளியே வந்தது நாலாம் வகுப்பு பி. முன்னால் என் மகள், கையில் பச்சைக் கொடி, நிமிர்ந்த நடை. வேறு எந்த அப்பனுக்கும் கண் கலங்கியிருக்கும். எனக்குக் கொடியே தெரியவில்லை. தலைதான் தெரிந்தது. குல்லா இல்லாத, மஃப்ளர் இல்லாத, பனி சொட்டச் சொட்ட வெறுந்தலை! ஸ்வெட்டரும் இல்லை!

மணி அடித்தால் எந்தப் பொருளையும் எடுக்காமல் இருக்கிறபடியே வெளியே வர வேண்டும் என்பது விதி. அவள் விதிப்படி வந்திருந்தாள். அந்த விதி எனக்கும் தெரியும். எரியும் கட்டடத்துக்குள் சாமான் எடுக்கத் திரும்பி ஓடியவர்களின் மனுக்களில் எல்லாம் 'கவனக்குறைவு' என்று குறிப்பு எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான்.

பின்பக்க கேட்டுக்குள் ஓடினேன். வாட்ச்மேன் ஏழுமலை கையை விரித்து மறித்தார்.

"இன்னா சார், எங்க ஓடுற? உள்ள நெருப்பு கீது சார்!"

"அது பொய் நெருப்புதானேப்பா!"

"பொய்யோ மெய்யோ, யாரையும் வுடக்கூடாதுன்னுகிறாங்க."

"பனி மெய்யா வுழுதுய்யா!" என்று அவர் கைக்கு அடியில் புகுந்து மாடிப்படி ஏறிவிட்டேன்.

வகுப்பறையின் முதல் பெஞ்சில் எல்லாம் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஸ்வெட்டரையும் மஃப்ளரையும் அள்ளினேன். புகை ஜன்னல் வழியாக வந்து மூக்கைத் தாக்கியது. கைக்குட்டை ஸ்கூட்டரில் இருந்தது. வேறு வழியில்லாமல் அந்த ரோஸ் குல்லாவை என் தலையில் மாட்டி மூக்குவரை இழுத்தேன். ஒன்பது வயதுக் குழந்தையின் குல்லா. கண் மட்டும் தெரிந்தது, அதுவும் ஒன்றரைக் கண்.

அந்தக் கோலத்தில் நிற்கும்போது இரண்டு தீயணைப்பு வீரர்கள் உள்ளே வந்தார்கள். பி.டி. மாஸ்டர் மாடியில் மயங்கியதுபோல் படுத்திருப்பார், அவரைத் தூக்கி வர வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் மாஸ்டரை முன்பின் பார்த்ததில்லை.

"மயங்குற ஆளு நீதான சார்?"

"இல்லப்பா, நான் பேரண்ட்..."

"யாராயிருந்தா இன்னா? படு சார். மயங்குனவரு நின்னுகினு இருந்தா ஆபீசர் எங்களத்தான் திட்டுவாரு."

"நான் ஸ்வெட்டர் எடுக்க..."

"பேசாத சார். நீ மயக்கத்துல கீற."

அடுத்த கணம் நான் ஒருவர் தோளில் தலைகீழாகத் தொங்கினேன். "இன்னா வெயிட்டுடா மச்சான்! மாஸ்டரு எக்சர்சைஸே பண்ண மாட்டாரு போல" என்றார் என்னைச் சுமந்தவர்.

கத்தியிருக்கலாம். ஆனால் படிக்கட்டில் ஆடியபடி இறங்கும்போதுதான் நிவேதாவின் முகம் நினைவுக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு கொடி கிடைத்திருக்கிறது. இப்போது நான் வாயைத் திறந்தால் அது என் நாளாகிவிடும். முகம்தான் குல்லாவுக்குள் இருக்கிறதே, யாருக்குத் தெரியப்போகிறது? கண்ணை இறுக மூடினேன். அன்று செங்கல்பட்டில் என்னைப்போல் மனசாட்சியோடு மயங்கியவர் எவரும் இல்லை.

ஈரப் புல்லில் கிடத்தினார்கள். எங்கே? நாலாம் வகுப்பு பி பிரிவுக்கு நேர் எதிரே.

பூட்ஸ் சத்தம் நெருங்கியது. "நாலாம் வகுப்பு பி?" என்றது அதிகாரியின் குரல்.

வரிசையிலிருந்து ஒரு கிசுகிசுப்புதான் கேட்டது. "ஏய் நிவி, அது உன் குல்லாடீ."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். இனி இந்தப் பிள்ளைக்கு யாரும் ஒரு சாக்பீஸ்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

"நாலாம் வகுப்பு பி பிரிவு. முப்பத்தெட்டு பேரும் பத்திரம், சார்!" குரலில் ஒரு நடுக்கம் இல்லை.

"வெரி குட். இவரு யாரும்மா?"

"தெரியல சார். இவரு எங்க கிளாஸ் இல்ல."

அதோடு முடிந்திருந்தால் நானும் ஒரு தியாகி. ஆனால் புல்லின் ஈரம் சட்டையைத் தாண்டி முதுகெலும்பைத் தொட்டுவிட்டது. தும்மினேன். ஒன்றல்ல, சரம் வெடித்ததுபோல்.

"சார்! மயங்குனவரு தும்முறாரு சார்!" என்று அலறினார் என்னைத் தூக்கி வந்தவர்.

பள்ளியே சிரித்தது. தலைமை ஆசிரியை வந்து குல்லாவை உரித்தார். "நிவேதா அப்பாவா!" என்றார், ஆச்சரியமே இல்லாமல். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "அப்ப பி.டி. மாஸ்டர் எங்க?" மாடியில் பக்கத்து அறையில், மேஜைக்கு அடியில், அசல் குறட்டையோடு மாஸ்டர் மயங்கிக் கிடந்தார்.

எது நடந்தாலும் பதறாமல் கணக்குச் சொன்னதற்காக நாலாம் வகுப்பு பி பிரிவுக்குக் கோப்பை கிடைத்தது. வெறுந்தலையோடு பனியில் நின்ற நிவேதாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசாதிருந்த மகள், மூன்றாம் நாள் வந்து அந்த ரோஸ் குல்லாவை என் தலையில் மாட்டிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் இலை போட மறந்தாலும், பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது எண்ணிக்கையில் ஒருவர் அதிகமாக வந்தாலும், கலா சொல்வது ஒன்றே: "விடுங்க, இவரு எங்க கிளாஸ் இல்ல."

நிவேதா இப்போது கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன மார்கழியில் அலுவலகத்தில் அவள் மாடிக்கு அவளே தீயணைப்புப் பயிற்சிப் பொறுப்பாளர். காலையில் போன் செய்தாள். "அப்பா, இன்னிக்கு ட்ரில்லு. எங்க இருக்க?"

"வீட்டுலதாம்மா."

"ஹாரன் சத்தம் கேக்குது."

"டிவி."

சற்று நேரத்தில் அலாரம் அடித்தது. ஆட்கள் இறங்கி வந்தார்கள். எதிரே டீக்கடையில் நான் பையோடு நின்றிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். பக்கத்திலிருந்த பெண் என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். நிவேதா கையை வாயருகே குவித்துக்கொண்டு, சாலைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்க வேண்டும் என்றே கத்தினாள்:

"அவரு எங்க ஃப்ளோர் இல்ல!"

பிறகு தன் தலையைத் தொட்டுக் காட்டி, என் பையைக் காட்டினாள். புரிந்தது. அவளுக்கென்று கொண்டு வந்திருந்த குல்லாவை எடுத்து நானே போட்டுக்கொண்டேன்.