ரஷ்யன் அண்ணையின் காய்ச்சல்

சுவிட்சர்லாந்து முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், தனக்குக் காய்ச்சல் வரவில்லையே என்று கவலைப்பட்ட மனிதர் ஒருவர்தான் தேறுவார். அவர் எங்கள் ரஷ்யன் அண்ணை.

கூர் நகரில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் நாங்கள் நாலு தமிழர் வேலை செய்தோம். அவருக்கு மட்டும் பட்டப்பெயர். சொந்த ஊர் மட்டக்களப்பு. இங்கே வரும் வழியில், ஆட்களைக் களவாக எல்லை கடத்தும் ஏஜென்ஸிக்காரன் அவரை ஏழு மாதம் மொஸ்கோவில் ஓர் அறைக்குள் வைத்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் நாள் முழுக்க ஒரே இசைத்தட்டைப் போடுவாராம். கூட இருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். இவர் போய்க் கதவைத் தட்டி, எழுதியது யார் என்று விசாரித்தார்.

எழுதியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்யர். தொழில், வேதியியல் பேராசிரியர். இசை ஓய்வு நேரத்தில். ஓய்வுதான் கிடையாது. பாடம், பரிசோதனை, வீடு நிறைய உறவினர், சாப்பாட்டு மேசையில் நடைபோடும் பூனைகள். உடம்புக்கு முடியாமல் வீட்டில் கிடந்தால்தான் சுரம் எழுதுவார். அதனால் நண்பர்கள் அவரைக் கண்டால், சுகமில்லாமல் போகட்டும் என்று வாழ்த்துவார்களாம். இதை அண்ணை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

பாத்திரம் கழுவும் மெஷின் மேல் போனை வைத்து, அந்த ரஷ்யர் மனைவிக்காக எழுதிய மெதுவான இசையைப் போடுவார்.

"வடிவாக் கேளும் தம்பி. இந்தப் பெரிய வயலின்தான் புருசன். கெஞ்சுறான். மேல கேக்கிறது பெண்சாதி."

"அவ என்ன சொல்லுறா அண்ணை?"

"முதல்ல சட்டியைக் கழுவட்டாம்."

அவருக்கு ஒரே மகள். வைகாசியில் கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன் நாதஸ்வரத்தில் வாசிக்கத் தானே ஒரு மெட்டுத் தருவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஊரில் ஆர்மோனியம் வாசித்த கை. பன்னிரண்டு வரி அழகாக வந்தது. கடைசி நாலு வரி மட்டும் வரமாட்டேன் என்றது.

"சுகமா இருக்கிறன் தம்பி. அதுதான் பிழை" என்றார்.

பொய்யாகக் கிராங்க் போட, அதாவது மருத்துவ விடுப்பு எடுக்க, அவருக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே உண்மைக் காய்ச்சலுக்கு நாங்கள் பாடுபட்டோம். தை மாதப் பனியில் அவரைத் தொப்பி இல்லாமல் நடக்கவைத்தோம். குளிரறையிலிருந்து மரக்கறி எடுக்கும் வேலை முழுக்க அவருக்கே. இருமுகிற செஃப் பக்கத்தில் நிறுத்தினோம். காய்ச்சல் எங்கள் மூவருக்கும் தொற்றியது. அண்ணை ஆளுக்கொரு போத்தல் இரசம் கொண்டுவந்தார், பொறாமையோடு.

மாசியில் ஒரு காலை அவர் வரவில்லை. கிராங்க் என்றார் செஃப். எங்களுக்கு வந்த சந்தோஷம்! போனை ஸ்பீக்கரில் போட்டு மூவரும் கத்தினோம்.

"வாழ்த்துக்கள் அண்ணை! வந்திட்டுதோ?"

"ஓம், வந்திட்டுது."

"எத்தனை நாள்?"

"டொக்டர் நாலு கிழமை எழுதியிருக்கிறார்."

"அடி சக்கை! நாலு வரிக்கு நாலு கிழமை!"

அவரும் சிரித்தார். என்ன நோய் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாதாரணக் காய்ச்சலுக்கு எந்த டொக்டரும் நாலு கிழமை கொடுப்பதில்லை என்று இருபது வருடம் இங்கே வேலை செய்த எனக்குத் தெரியாதா? வாராவாரம் "எத்தினையாவது வரி?" என்று செய்தி அனுப்பினேன். "எழுதுறன்" என்று பதில் போடுவார். எழுதுகிற மனிதரைக் குழப்பக்கூடாது என்று போய்ப் பார்க்கவும் இல்லை. அவருக்கு வந்தது ஈரலில் புற்றுநோய். பங்குனி முடியுமுன் போய்விட்டார். மெட்டு எழுதிய கொப்பியில் அதே பன்னிரண்டு வரிதான் இருந்தது.

அந்த ரஷ்யரும் பெரிய இசைநாடகம் ஒன்றை முடிக்காமலே இறந்தவர். நண்பர்கள் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்கள். அவருக்கு வாய்த்தவர்கள் இசைமேதைகள். அண்ணைக்கு வாய்த்தது நாங்கள்.

ஆண்டுத்திவசம் முடிந்தபின் கல்யாணம் நடந்தது. நாதஸ்வரக்காரர் பன்னிரண்டு வரியையும் வாசித்து நிறுத்தினார். மணவறையிலிருந்து மகள் எங்கள் பக்கம் பார்த்தாள். நாங்கள் மூவரும் நிலத்தைப் பார்த்தோம். பிறகு கெட்டிமேளம் எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அண்ணை, ஒரு வரிகூட எழுதாமல், ஒரு தும்மல்கூட இல்லாமல் நீங்கள் அந்த மெஷின் பக்கத்தில் நின்றிருந்தாலே எங்களுக்குப் போதுமே.