கிஃப்ட் எண்டு சொல்லிப்போட்டன்

ஹொல்ஸ்டெப்ரோ,
2009 ஆனி.

மதிப்புக்குரிய பீற்றர் அத்தான் அவர்கட்கு,

மைத்துனன் அந்தோனிதாசன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் றெஜினா அக்காவும் பிள்ளைகளும் எஸ்பியர்க்கில் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஏற்கெனவே ஒரு பொய்யில் மாட்டுப்பட்டிருப்பதால் இரண்டாவது வேண்டாமென்று விடுகிறேன்.

சண்டை நடந்த மாதங்களில் என் படிப்புக் காசு முழுவதையும் வன்னிக்கு அனுப்பியது தாங்கள் அறிந்ததே. அறை வாடகை நிண்டுபோச்சு, வீட்டுக்காரி கதவைத் தட்டுறா. எங்கட கல்லூரியில கஷ்டப்படுற மாணவருக்கு அவசர உதவி குடுக்கினமாம் எண்டு கேள்விப்பட்டு ஆலோசகராயிருக்கிற மனுசியிட்டப் போனன். அவ டெனிஷில கேக்கிறா, நான் எல்லாத்துக்கும் தலையாட்டுறன். "லோன்?" எண்டா. கடன் எண்டு விளங்கிச்சுது, ஐயோ வேண்டாமெண்டு "நை, நை" எண்டன். பிறகு "கிஃப்ட்?" எண்டா. கடனில்லாட்டி அன்பளிப்புத்தானே அத்தான், ஆர் வேண்டாமெண்டுவான்? "யா, யா, கிஃப்ட்!" எண்டு ரண்டு கையாலையும் கும்பிட்டன். பேர் கேட்டா. காசு ஆருக்கு அனுப்பினனெண்டு கேக்கிறாவாக்கும் எண்டு "றஜனி" எண்டன். எங்கை எண்டா. வன்னியில, சண்டை முடிஞ்சும் ஒரு சேதியுமில்லை எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன். மனுசி எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதா.

காசும் வந்திட்டுது, நினைச்சதைவிடக் கூட. அந்தச் சந்தோசப் புளுகத்தில என்ர அறையில இருக்கிற தவராஜா அண்ணைக்குச் சொன்னன். அவர் இஞ்சை வந்து கனகாலம். சிரிச்சுச் சிரிச்சு இருமிப்போட்டுச் சொல்லுறார், டெனிஷில கிஃப்ட் எண்டால் கலியாணம் கட்டினவனாம்! விசத்துக்கும் அதே சொல்லாம். "ரண்டும் ஒண்டுதானெண்டு கட்டினாப் பிறகு விளங்கும்" எண்டு வேற பகிடி. பொய் சொல்லிக் காசு வாங்கினவன் எண்டு விசாவைப் பறிச்சுக் கட்டுநாயக்கா ஏர்போட்டில இறக்கிவிட்டால் என்னை ஆர் கேக்கிறது? அதைவிடப் பெரிய பயம் ஒண்டிருக்கு. றஜனி கிளிநொச்சியில என்னோட ரியூசனுக்கு வந்த பிள்ளை. விருப்பமெண்டு ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. இப்ப கல்லூரிக் கொம்பியூட்டரில அவள் என்ர பெண்சாதி. உயிரோட இருக்கிறாளோ எண்டே தெரியாத பிள்ளையின்ர பேரில காசு வாங்கிப்போட்டனே. சனத்தை அடைச்சு வச்சிருக்கிற முகாம்களில இருந்து வாற படங்களை எல்லாம் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாக்கிறன். காணேல்லை.

ஆகையால் தாங்கள் திங்கட்கிழமை எப்பிடியாவது வந்து, "இவன் கட்டேல்லை, பாசைதான் தெரியாது" எண்டு தங்கட நல்ல டெனிஷில அவவுக்கு விளங்கப்படுத்திவிட வேணும். போனில சொன்னால் அக்கா எடுப்பா, பிறகு கனடா வரைக்கும் கதை போயிடும். அதுதான் கடிதம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஆண்டவருடைய இரக்கம் தங்கள் வீட்டில் நிறைவதாக, மிஞ்சினதை இஞ்சை அனுப்பிவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் பயந்தாங்கொள்ளி மைத்துனன்
அந்தோனிதாசன்

பி.கு.: அத்தான், வரவேண்டாம்! கடிதத்தை ஒட்டப்போக, செட்டிகுளம் முகாமுக்குள்ள ஆரோ ஒளிச்சு வச்சிருந்த போனில றஜனி எனக்குக் கோல் எடுத்தாள். உயிரோட இருக்கிறாள்! சுகம் விசாரிக்கிறதை விட்டிட்டு நான் பயத்தில முதல் இந்தக் கதையைத்தான் உளறினன். முழுக்கக் கேட்டிட்டு, "அந்தப் பேரை அழிக்கச் சொல்லாதேங்கோ" எண்டாள். லைன் அறுந்துபோச்சு. திங்கள் நானே போறன், கட்டினவன் எண்டதைக் கட்டப்போறவன் எண்டு திருத்தச் சொல்லி.