தொப்பம்பட்டிக்குப் போன அம்புக்குறி

திண்டுக்கல்,
1987 ஜூன், ஞாயிற்றுக்கிழமை.

தொப்பம்பட்டி மச்சான் நாச்சிமுத்து அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய ஆவுடையப்பன் பணிவன்புடன் எழுதுவது. நானும் அழகம்மாளும் தங்கள் மருமகள் பாண்டிச்செல்வியும் இங்கே சௌக்கியம். குழாயில் தண்ணீர் வராததைத் தவிர வேறு குறை இல்லை. அங்கே தாங்களும் வீட்டில் உள்ளவர்களும் கறவை மாடுகளும் நலம்தானே?

விஷயம் என்னவென்றால், இந்த வாரத்தில் யாராவது கையில் சாக்பீஸோடு தங்கள் வாசலில் வந்து நின்றால் நாயை அவிழ்த்துவிட வேண்டாம். அவர் திருடன் அல்ல, கணிதப் பேராசிரியர். அவர் ஏன் வருகிறார் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் மாடியில் அந்தோணிமுத்து என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர் குடியிருக்கிறார் அல்லவா, பொங்கலுக்குத் தாங்கள் வந்தபோது லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வணக்கம் சொன்னாரே, அவரால் வந்த வினை இது. அவர் கல்லூரியில் ஒவ்வொரு துறைக்காரரும் ஒரு புது ஆராய்ச்சி முறையைக் கொண்டுவந்து, என்னுடையதுதான் உசத்தி என்று ஒருவரோடொருவர் பேசாமல் போகும் அளவுக்குச் சண்டை முற்றிவிட்டதாம். கடைசியில் முதல்வர் ஒரு கமிட்டி போட்டு, ஒரே வீடு, ஒரே கேள்வி, மூன்று துறையும் தனித்தனியாகப் போய் விடை கொண்டுவாருங்கள், எந்த முறை தேறுகிறது என்று பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். கேள்வி, 'இந்த வீட்டில் முடிவெடுப்பது யார்?' என்பது. வீடு, எங்கள் வீடு.

நான் விவரமாகத்தான் கேட்டேன். "ஏன் சார், சரியான விடை முன்னாடியே தெரிஞ்சா ஆராய்ச்சி எதுக்கு? தெரியலைன்னா, மூணுல எது சரின்னு எப்பிடிக் கண்டுபிடிப்பீக?"

"அதுக்குத்தான் கமிட்டி இருக்குல்ல" என்றார் அந்தோணிமுத்து.

முதல் முறை அவருடையது. கேள்வித்தாள். ஒரே கேள்வியை நாலு விதமாகத் திருப்பிக் கேட்பதுதான் அதில் புதுமையாம். நான் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வெள்ளையடிப்பது யார் முடிவு? நான். பெண்ணின் படிப்பு? நான். விசேஷத்துக்குப் போவதா வேண்டாமா? நான். என்ன சமைப்பது என்று கேட்டபோது, இத்தனைக்கும் நான் என்று சொல்லிவிட்டு இதற்கு மட்டும் வேறு ஆளைச் சொன்னால் நன்றாக இருக்காதே என்று அதற்கும் நான்தான் என்றேன். அடுப்பங்கரையில் ஒரு பாத்திரம் விழுந்தது. அன்றைக்கு ரசம் மட்டும்தான்.

இரண்டாவதாக வந்தவர் சமூகவியல் பேராசிரியை சைனம்பு. நல்ல மரியாதையான அம்மா. அவர் ஒன்றுமே கேட்க மாட்டாராம். சில நாள் காலை முதல் சாயங்காலம் வரை எங்களோடு இருந்து, நடப்பதைப் பார்ப்பது மட்டும்தான் அவருடைய முறை. "நான் ஒருத்தி இங்க இருக்கேங்கிறதையே மறந்துருங்க" என்று சொல்லி ஹாலில் உட்கார்ந்துகொண்டார். எப்படி மறப்பது மச்சான்? தங்கள் தங்கை கட்டுப்பெட்டியாக முந்தானையைச் சுற்றிக்கொண்டு வந்து, "ஏனுங்க, இன்னைக்கு என்ன வெஞ்சனம் வெக்கட்டுங்க?" என்று கேட்டாள். இத்தனை வருஷத்தில் கேட்டதே இல்லையா, எனக்குக் கைகால் ஓடவில்லை. வாயில் வந்தபடி "பீட்ரூட்டு" என்றேன். "ஆகட்டுங்க" என்று போய்க் கத்தரிக்காய் பொரியல் வைத்தாள். ஆனால் இந்த நாடகம் எத்தனை நேரம் தாங்கும்? மறுநாளே தாயும் மகளும் அந்த அம்மாவிடம் யோசனை கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எந்தச் சேலை கட்டுவது, மாவை இன்றைக்கே ஆட்டுவதா நாளைக்கு ஆட்டுவதா, கொடிக்கயிற்றுக்காக அடுத்த வீட்டு ஒச்சாயியோடு நடக்கும் சண்டையில் விட்டுக்கொடுப்பதா. அவரும் பாவம், எத்தனை நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார்? ஒச்சாயியைக் கூப்பிட்டுப் பேசிச் சண்டையைத் தீர்த்தே வைத்துவிட்டார். நானும் ஆபீசுக்குக் குடை எடுத்துப் போகவா என்று அவரிடம்தான் கேட்டேன்.

மூன்றாவது ஆள் ரஃபி. கணிதம். வயது கொஞ்சம்தான், பேச்சும் கொஞ்சம்தான். யார் முடிவெடுக்கிறார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. "வீட்ல டிவி இல்லையே, ஏன் சார்?" என்றார். மச்சான் வீட்டில் முதலில் வரட்டும், அதற்கு முன்னால் நாம் வாங்கினால் என்ன நினைப்பார் என்றேன். தரையில் ஒரு அம்புக்குறி போட்டார். சுவருக்கு ஏன் நீலம்? "அண்ணனுக்குப் பச்சை புடிக்காதுங்க" என்றாள் அழகம்மாள். இன்னொரு அம்பு. பாண்டிச்செல்வி பி.எஸ்ஸி. கணக்கில் முதல் வகுப்பு, போன வருஷம் மதுரையில் எம்.எஸ்ஸி. இடம் கிடைத்தும் ஏன் சேரவில்லை? "பொம்பளப் பிள்ளைய ஹாஸ்டல்ல விட்டா மாமா என்ன சொல்வாரோன்னு அப்பா சொன்னாங்க" என்றாள் அவள். அம்புகள் பெருகிப் பெருகி, எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பி, ஹாலைத் தாண்டி, படி இறங்கி, தெருவுக்கே போய்விட்டன. தெருவில் அந்தச் சாக்பீஸ் கோட்டைப் பார்த்த ஒச்சாயி, "ஏலே, நகராட்சிக்காரன் புதுக் குழாய்க்கு மார்க் பண்ணிட்டான் டோய்!" என்று குரல் கொடுக்க, செத்த நேரத்தில் அந்த அம்புக்குறி நெடுகக் குடங்கள் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. குழாய் வராது என்று ரஃபி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இரண்டு பேர் அவரிடம் மனு கொடுத்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

நேற்று கல்லூரியில் கமிட்டி கூடியது. எங்களையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பொருளாதாரம் சொன்ன விடை, ஆவுடையப்பன். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சமூகவியல் அம்மா எழுந்து, முகம் சிவந்து, தன் ஆய்வுக் காலத்தில் அந்த வீட்டில் அதிக முடிவுகளை எடுத்தது தானேதான் என்று ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். கணிதத்தின் விடை, 'தொப்பம்பட்டி நாச்சிமுத்து, இவ்வீட்டில் வசிப்பவர் அல்லர்.' அதற்குப் பிறகு பேராசிரியர்கள் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்துவிட்டன. கடைசியில் கமிட்டித் தலைவர், மூன்று முறைகளும் சிறப்பானவை, வீடுதான் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார். ரஃபி மட்டும் ஒத்துக்கொள்ளாமல், தொப்பம்பட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நிற்கிறார்.

டவுன் பஸ்ஸில் திரும்பும்போது பாண்டிச்செல்வி மெதுவாகக் கேட்டாள். "அப்பா, ஹாஸ்டலுக்கு அனுப்பலாமான்னு மாமாகிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல."

"டிவி?"

"கேக்கல."

"அப்ப மாமா வேண்டாம்னு எப்பத்தான் சொன்னாரு?"

எவ்வளவோ யோசித்துப் பார்த்தேன் மச்சான். தாங்கள் எதற்கும் வேண்டாம் என்று சொன்னதாகவே ஞாபகம் வரவில்லை. அழகம்மாளிடம் கேட்டேன். பச்சை பிடிக்காது என்று அண்ணன் சொன்னது சுவரை அல்ல, ஏதோ ஒரு சட்டையை என்கிறாள். தாங்கள் அங்கே தங்கள் தோப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். நாங்களாகவே தங்களுக்குப் பயந்து, நாங்களாகவே தங்களைக் கோபக்காரராக்கி, அந்தப் பிள்ளையை ஒரு வருஷம் வீட்டில் உட்கார வைத்துவிட்டோம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆகவே, வீட்டுக்கு வந்து நானே தீர்மானம் பண்ணிவிட்டேன். வருகிற புதன்கிழமை மதுரைக்குப் போய்ப் பாண்டிச்செல்வியை இந்த வருஷமாவது எம்.எஸ்ஸி.யில் சேர்த்து, ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருகிறேன். யாரிடமும் கேட்கப் போவதில்லை. ஒரு குடும்பத் தலைவன் என்ற முறையில் தங்களுக்குத் தகவல் மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். அழகம்மாள் தங்களைக் கும்பிட்டதாகச் சொல்லச் சொன்னாள். பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, மாடு கன்று போட்டால் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ஆவுடையப்பன்

பி.கு.: மேலே கண்டது நான் சுயமாக எடுத்த இறுதி முடிவு. தங்களுக்கு இதில் சம்மதம்தான் என்று செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு தந்தி கொடுத்தால், புதன்கிழமை தைரியமாகப் பஸ் ஏறுவேன். கேட்டு எழுதினேன் என்று பாண்டிச்செல்விக்கு மட்டும் தெரிய வேண்டாம்.