சீர் சுமந்த ரேஸ் சைக்கிள்

சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வீட்டுக்கு ஒருவர் தேவைப்படுகிறார். எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் எனக்குத்தான். ஆனால் அன்றைக்கு நான் செய்ததில் எந்தத் தப்பும் இல்லை. (தப்பு என்பவர்கள் அந்தப் பங்குனி வெயிலில் அரியலூரிலிருந்து ஆண்டிமடம் வரை மிதித்துவிட்டு வந்து பேசட்டும்.)

எண்பதுகளின் தொடக்கம். அரியலூரில் ஒரு உரக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கைமாறி வந்த ஒரு பழைய ரேஸ் சைக்கிள் வைத்திருந்தேன். வளைந்த ஹேண்டில்பார், விரல் தடிமனில் டயர். மட்கார்டும் கிடையாது, கேரியரும் கிடையாது. அதில் ஏறினால் நான் வேறு ஆள்.

ஆண்டிமடத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து வந்தது. கூடப்பிறந்த தாய்மாமன் நான் ஒருவன்தான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நேரத்துக்கு நான் சீரோடு போய் நிற்காவிட்டால், அக்கா ஆயுசுக்கும் மாமியார் வீட்டில் பேச்சு வாங்குவாள்.

அக்கா வீட்டுக்காரர் முன்கூட்டியே சொன்னார். "மாப்ள, பஸ்ல வந்துடுங்க. அந்தச் சைக்கிள்ல ஒரு முருங்கக்காய வச்சாலே சாஞ்சுடும்."

எனக்குச் சுருக்கென்றது. "சீர் மொத்தமும் அதுலதான் வரும் மாமா. ஒரு முடிச்சுகூட அவுக்காம உங்க வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுறேன்."

சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகையைக் கயிற்றால் இறுக்கி, தேங்காய் மூட்டையையும் வாழைத்தாரையும் கட்டினேன். முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பியது. அதை அடக்க, வெல்லம் ஒரு பையிலும் பச்சரிசி ஒரு பையிலுமாக ஹேண்டில்பாரின் இரண்டு வளைவிலும் கட்டினேன். என்ன பொருத்தம்! தோடு சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. விடியற்காலையில் கிளம்பிவிட்டேன்.

சுண்ணாம்புக்கல் லாரிகள் பறக்கவிட்ட தூசியில் மூஞ்சி வெளுத்ததைத் தவிர ஜெயங்கொண்டம் வரை குறையே இல்லை. அதைத் தாண்டி ஒரு இறக்கம் வந்தது. பிரேக் பிடிக்கக் கையை நீட்டினேன். கைக்கு வெல்லம்தான் வந்தது. பிரேக் இரண்டும் பைகளுக்குள் புதைந்து கிடந்தன.

சைக்கிள் நேராக முந்திரிக்காட்டுக்குள் போனது. மரம்தான் நிறுத்தியது.

முந்திரி ஏற்ற வந்த மாட்டுவண்டிக்காரர் ஓடிவந்து தூக்கிவிட்டு, எங்கே போகிறேன் என்று விசாரித்தார். முன்சக்கரம் முறுக்கு மாதிரி ஆகியிருந்தது. முழங்கையில் ரத்தம். முடிச்சுகள் மட்டும் ஒன்றுகூட அவிழவில்லை. (இதை யாரும் சொல்வதே இல்லை.)

"ஆண்டிமடத்துக்குத்தான் போறேன் தம்பி. சாக்க அவுத்து வண்டியில போடுங்க."

"அவுக்க மாட்டேங்க. சொல்லிட்டு வந்துருக்கேன்."

ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப சைக்கிளோட தூக்குவோம்" என்றார். சீர் கட்டியபடியே சைக்கிளை வண்டிமேல் ஏற்றி நிறுத்தினோம். சாயாமல் பிடிக்க ஆள் வேண்டுமே, நானே சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வண்டி அக்கா வீட்டுத் தெருவில் நுழைந்தபோது, நேரமாகிவிட்டதென்று எங்கள் பெரியப்பா மகனை மணையில் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழந்தையை இடுப்பில் வைத்தபடி அக்கா அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் நான் சீட்டைவிட்டு இறங்கவில்லை.

"மாமா, சீர் சைக்கிள்லதான் வந்துருக்கு. முடிச்சப் பாத்துக்குங்க."

"சைக்கிள் எதுல வந்துருக்கு மாப்ள?"

பந்தல் முழுக்கச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "எதுல வந்தா என்னங்க? எம்புள்ளைக்கு மாமன் வந்துட்டான்ல" என்று என்னை இறக்கி மணையில் உட்கார வைத்து, குழந்தையை என் மடியில் வைத்தாள். தோடு ஏறியது. அதற்குமேல் எவன் சிரித்தால் எனக்கென்ன?

போன வருஷம் அந்தக் குழந்தையின் கடைசி மகனுக்குக் காதுகுத்து. அவள் தம்பி புதுக் காரில் சீரோடு வந்து இறங்கினான். மாமாவுக்கு இப்போது இடுப்பை வளைக்க முடியாது. ஆனாலும் என்னைக் கூப்பிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு முக்கி முனகிக் குனிந்து, காருக்கு அடியில் மாட்டுவண்டி ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அவனை உள்ளே விட்டார்.