நாற்பதாயிரம் "நீங்க முதல்ல"

பிஷ்கெக், வெள்ளிக்கிழமை

நாரின் மலைச்சரிவின் முடிசூடா அரசியும், என் முதுகில் முதன்முதலில் பதிந்த ஐந்து விரல்களின் சொந்தக்காரியுமான புரூல் அக்காவுக்கு, தம்பி ஜோல்டோஷ் தலை தாழ்த்தி எழுதுவது. குதிரைகள் சுகமா? ஆடுகள் சுகமா? பசு கன்று ஈன்றதா? அத்தானும் சுகமென்றே நம்புகிறேன்.

இந்த வெள்ளிக்கிழமை மீரிமின் புராஜெக்ட் ஓடாவிட்டால் படிப்பை நிறுத்தி ஊருக்கே கூட்டிப் போய்விடுவேன் என்றாயே, அக்கா, உட்கார்ந்து படி: உன் மகள் ஜெயித்துவிட்டாள்! ஜெயிக்க வைத்தது யார் என்பதை அடக்கத்தின் காரணமாக அடுத்த வரியில்தான் சொல்வேன். நான்! (போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய், அதனால்தான் கடிதம்.)

கம்ப்யூட்டருக்குள்ளே ஆயிரம் வேலைகள் "எனக்கு, எனக்கு" என்று முண்டியடிக்குமாம். யாருக்கு எப்போது முறை என்று தீர்த்து வைக்கிற தலைவனுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயராம். அப்படியொரு குட்டித் தலைவனைத் தானே எழுதுவதுதான் புராஜெக்ட். முப்பது வருஷமாகக் கல்யாண விருந்துகளில் தமதாவாக நின்று, யார் எப்போது எழுந்து வாழ்த்துச் சொல்வது என்று நானூறு பேரை மேய்க்கிற நான் வேறென்ன செய்கிறேன்? திங்கட்கிழமை என் சமையலறையில் மீரிமும் அவள் புராஜெக்ட் கூட்டாளி எர்னிஸும் உப்பில்லாத பெஷ்பர்மாக் தின்ற முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். திரையில் "நீங்க முதல்ல", "இல்ல, நீங்க முதல்ல" என்று நாற்பதாயிரம் வரி அருவியாகக் கொட்டுகிறது.

"என்னம்மா, ரெண்டு சம்பந்திங்க வாசல்ல நிக்கிறாங்களா?"

"விளையாடாதீங்க மாமா! பிரிண்டர் ஒண்ணு, வேலை ரெண்டு. தனக்கு இளையவங்களைத் தவிர யார் நின்னாலும் விட்டுக்கொடுக்கணும்னு எழுதிட்டேன். இது ரெண்டும் ஒரே நொடியில பொறந்து தொலைச்சிருக்கு. ஒண்ணும் எடுக்க மாட்டேங்குது."

"மெஷினுக்கு எதுக்குடி மரியாதைன்னு அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன்," என்றான் எர்னிஸ்.

"உங்க தாத்தா தொடுறதுக்கு முன்னாடி நீ ரொட்டியைத் தொட்டுட்டு வந்து பேசுடா!" என்று சீறினாள் மீரிம்.

அக்கா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தலாஸ் கல்யாணத்தில் ஒரே வயசு சம்பந்திகள் இருவர் இப்படித்தான் முதல் வாழ்த்தை ஒருவருக்கொருவர் தள்ளித் தள்ளி, கறி ஆறி, மாப்பிள்ளைக்கு நரை விழுந்துவிட்டது. நான் யாரையும் கேட்கவில்லை; கைக்கெட்டியவர் கையில் வாழ்த்துக் கோப்பையைத் திணித்தேன், முடிந்தது! "அதையே எழுதும்மா!" என்று நான் போட்ட கர்ஜனையில் மேல்மாடிக்காரர் கட்டிலிலிருந்து விழுந்தார். மீரிம் துள்ளி எழுந்து தட்டினாள் பார், விசைப்பலகையில் தீப்பொறி!

இன்று வகுப்பில் அவர்கள் ஆசிரியை செலிமா மேடம் பத்து வேலைகளை ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டார். பத்தும் முறை தவறாமல் பிரிண்டரை எடுத்தன, முடித்தன, நகர்ந்தன. விருந்து முடிந்து எழுகிற நம் பெரியவர்களைப் போல முகத்தைத் தடவி "ஓமின்" சொல்லாததுதான் குறை. மலைகள் முளைத்த காலத்திலிருந்து சிரித்திராத செலிமா மேடம் சிரித்தார்! மீரிம் உடனே, பாதி திறந்திருந்த ஜன்னலுக்கு வெளியே கண்ணாடியில் மூக்கு பதித்து நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையின் நன்றியை எழுத இஸிக்-கூல் ஏரி அளவு மை வேண்டும்.

ஆகவே அக்கா, கூட்டிப் போகிற பேச்சை ஏழு மலைக்கு அப்பால் வீசிவிடு. உன் குதிரைகள் கொழுக்கட்டும், உன் கோபம் மட்டும் இளைக்கட்டும்.

இப்படிக்கு,
ஆபரேட்டிங் சிஸ்டங்களின் தமதா,
ஜோல்டோஷ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் மீரிம் கடிதத்தைப் பிடுங்கிப் படித்துவிட்டு, விழுந்து விழுந்து சிரிக்கிறாள். என் யோசனைப்படி ஒரே வேலை மறுபடி மறுபடி பிரிண்டரை வாங்கிக்கொள்ள, மற்ற ஒன்பதும் பட்டினி கிடந்தனவாம். புதன்கிழமையே என் வரிகளை அழித்துவிட்டு, வந்த வேலைக்கெல்லாம் டோக்கன் கொடுத்து வரிசையாக அழைக்கும்படி அவளே எழுதினாளாம். "அப்ப என்னை ஏம்மா அப்படிப் பார்த்தே?" என்றேன். "மேடம் ஜன்னலைச் சாத்தச் சொன்னாங்க மாமா, குளிர் காத்து வருதுன்னு." ஆக, ஜெயித்தது முழுக்க முழுக்க உன் மகள்தான். அக்கம்பக்கத்தாருக்கு வாசித்துக் காட்டும்போது மட்டும் என் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்.