கயிற்றில் ஏறிய அலை

படித்ததையெல்லாம் ஊருக்கே புரியவைத்துவிட வேண்டும் என்கிற வியாதி எனக்கு இருபத்தைந்து வயதில் நன்றாக முற்றியிருந்தது. இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருடமாகச் சும்மா இருந்தேன். வேலை கிடைத்தால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். (பெண்ணும் அதையேதான் சொன்னாள்.)

அப்போதுதான் முதலமடையில் ஒரு பள்ளிக்கூடத்து மானேஜர் கூப்பிட்டார். மாங்காய் சீசன் என்பதால் நேர்காணல் அவருடைய தோப்பில்.

"அலைன்னா என்னங்க? நம்ம ஆளுங்களுக்கு வெளங்கற மாதிரி சொல்லிப்போட்டீங்கன்னா வேலை உங்களுக்கு," என்றார். மரத்தடியில் கயிறு பிடித்துக்கொண்டிருந்த ஆறுமுகத்தையும் பாடம் கேட்கக் கூப்பிட்டார். அவர் கயிற்றை விட்டுவிட்டு வந்து கைகட்டி நின்றார்.

வெறும் வாயால் சொன்னால் என் மேதாவித்தனம் என்னாவது? ஆறுமுகம் விட்டுவந்த கயிற்றைப் போய்ப் பிடித்தேன். கிளைக்கு மேலாகப் போன அதன் மறுமுனை, உச்சியில் கருப்பசாமி மாங்காய் பறித்து நிரப்பும் கூடையில் கட்டியிருந்தது. (அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் பிடித்தேன். எங்கள் ஊர் பெருமாட்டி, அங்கே எங்களுக்குத் தென்னந்தோப்பு; மாந்தோப்பு வழக்கம் எனக்கு என்ன தெரியும்?)

"பாருங்க, கயித்த உதறுனா அலை மேல போகும். சக்தி மட்டுந்தானுங்க போகும், பொருள் எடம் மாறாது," என்று சொல்லி, நன்றாகத் தெரியட்டும் என்று இரண்டு தடவை உதறினேன். அலை அழகாக நெளிந்து மேலே போனது. எனக்கே பெருமையாக இருந்தது.

அடுத்த நொடி கயிறு என் உள்ளங்கைத் தோலையும் கூட்டிக்கொண்டு மேலே போனது. கூடை கீழே வந்தது. மானேஜர் துள்ளி விலகியிருக்காவிட்டால் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டிருப்பார்கள்.

உச்சியிலிருந்து கருப்பசாமி நிதானமாகச் சொன்னார்: "ரெண்டு உதறு உதறுனா, கீழ புடிச்சுக்கிட்டேன், கூடைய உடுன்னு அர்த்தமுங்க. அதான் உட்டனுங்க."

மானேஜர் சட்டையில் பட்ட மாம்பாலைத் துடைத்துக்கொண்டார். "அலை சரியாத்தான் போயிருக்குது. என்ன சொல்லியனுப்புனோம்னு வாத்தியாருக்குத்தான் தெரியல."

கை எரிந்த எரிச்சலிலும் 'வாத்தியார்' என்றது என் காதில் தேனாக விழுந்தது.

"ஜூன்ல வந்து சேருங்க," என்றார். "அதுவரைக்கும் தோப்புப் பக்கம் வராதீங்க."

கல்யாணம் நடந்தது. மகள் இப்போது ஏழாவது படிக்கிறாள். இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், அம்மாவும் மகளும் முதலில் அண்ணாந்து பார்த்துவிட்டு, இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, "ம், இப்பச் சொல்லுங்க," என்கிறார்கள்.